மடியில் வைத்த கைகள்

எங்கள் ஒழுங்கையில் ஒரு வருஷம் முழுக்க ஒரு வேலையும் செய்யாமல் இருந்து சாப்பிட்ட பெண் என்றால் அது மாமிதான். இதை நான் சொல்லவில்லை, ஊர் சொன்னது. கிணற்றடியில் சொன்னார்கள், கோயில் வீதியில் சொன்னார்கள், ஆற்றங்கரையில் மீன் வாங்க நின்றவர்கள் சொன்னார்கள். மட்டக்களப்பு வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். அந்த ஆற்றுக்கும் எங்கள் வளவுகளுக்கும் கூப்பிடு தூரம். ஒரு கதை இங்கிருந்து புறப்பட்டால் கரைவரைக்கும் போய் ஈரக் காலோடு திரும்பி வந்துவிடும்.

எனக்கு அப்போது பத்து வயது. மாமி எனக்குச் சொந்த மாமி இல்லை, பக்கத்து வளவு. அவருடைய மகள் வதனியும் நானும் ஒரே வகுப்பு, ஒரே வாங்கு. வதனிக்கு ஐந்து வயதில் ஒரு தம்பி. மாமா ஆற்றில் தோணி விட்டு வலை போடுகிறவர்.

குசினி வாசலில் ஒரு நீலப் பிளாஸ்டிக் கதிரை கிடக்கும். ஒரு கால் வெடித்து, கம்பி போட்டுக் கட்டியிருந்தது. விடிந்ததும் மாமி அதில் வந்து இருந்து இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொள்வார். இடது கை கீழே, வலது கை மேலே. உள்ளே வதனி அடுப்பு மூட்டுவாள்.

"அரிசியக் களைஞ்சியா?"

"ஓம்மா."

"எத்தின தரம்?"

"ரெண்டு."

"மறுகா ஒருக்கா களை. கல்லுக் கடிச்சா அப்பா சோத்துக் கோப்பைய எறிஞ்சிருவார். பிறகு ஆர் கூட்டி அள்ளுற?"

இது பிள்ளைகள் விளையாட்டுக்கு ஆக்குகிற சோறு இல்லை. அந்த வீட்டின் மத்தியானச் சாப்பாடே அதுதான். சோறு குழைந்தால் எல்லாரும் குழைந்த சோறுதான் தின்ன வேண்டும். கறியில் உப்புக் கூடினால் மாமி எழும்பி வந்து திருத்தமாட்டார். வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, "நாளைக்கு எத்தின விரலால உப்பு அள்ளுவாய்?" என்று கேட்பார். வதனி விரலைக் காட்டுவாள். அவ்வளவுதான் பாடம்.

நான் வேலைக் கள்ளி. அதை இன்றைக்கும் மறைப்பதில்லை. என் அம்மாவுக்கு மாமியைக் கண்ணில் காட்டக் கூடாது, ஆனால் என்னை ஏசுவதற்கு மாமியின் மகள் தேவைப்பட்டாள். "அங்க பாரு, உன்ட வயசுதானே அவளுக்கு? ஆக்கிக் காச்சி வீட்டையே நடத்துறாள். உனக்குத் திண்ட கோப்பையக் கழுவத் தெரியா" என்பார் காலையில். அதே வாய் பின்னேரம் கிணற்றடியில், "பச்சப் புள்ளைய அடுப்புக்குள்ள தள்ளிப்போட்டு அவ மகாராணி மாதிரி கதிரையில இரிக்கா கா" என்று சொல்லும். அம்மாவுக்கு இரண்டுமே உண்மைதான்.

மாமியிடம் ஒரு சொல் இருந்தது. "கை பழகினா கண்ணு அழாது." எதற்கும் அதைத்தான் சொல்வார். வதனி வெங்காயம் வெட்டும்போது முதல் முதல் கேட்டதால், அது வெங்காயத்தைப் பற்றிய சொல் என்றுதான் நான் கனகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சமையலோடு நிற்கவில்லை. மாமா கொண்டு வருகிற மீனில் வீட்டுக்கு எது, விற்க எது என்று பிரிப்பதும் வதனியின் வேலையாயிற்று. நல்ல மீனை விற்க வேண்டும், சின்னதை வீட்டுக்கு வைக்க வேண்டும். ஒருநாள் தம்பிக்காரன் பெரிய கொடுவா ஒன்றைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, இதுதான் வேணும் என்று நிலத்தில் புரண்டான். வதனி அம்மாவைப் பார்த்தாள். மாமி வேலியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வதனி தம்பியின் கையை ஒவ்வொரு விரலாக விலக்கி, "இத வித்தாத்தான் உனக்குக் காலுக்குப் போடச் சப்பாத்து. சப்பாத்து வேணுமா, மீன் வேணுமா?" என்று கேட்டாள். அவன் சப்பாத்து என்றான். மாமியின் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது, வந்த வேகத்திலேயே போய்விட்டது. பெற்றவளுக்குப் பெருமை என்று நான் நினைத்தேன்.

மாமா கெட்டவர் இல்லை. கையில் காசு இருக்கும்போது அவருக்குக் கூட்டாளிகள் அதிகம், அதுதான் அவருடைய வியாதி. கரையில் வியாபாரி கொடுத்த காசை இடுப்பில் சொருகிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார் என்றால், வழியில் நாலு பேர் மறித்து, காசு மெலிந்துதான் வீடு வந்து சேரும். அதற்கும் மாமி மகளுக்கு ஒரு பாடம் வைத்திருந்தார்.

"தோணி வரக்குள்ள நீ கரையில நிக்கணும். காசு தாங்க எண்டு கேக்காத. 'அப்பா, அரிசி முடிஞ்சி' எண்டு மட்டும் சொல்லு. நாலு ஆக்களுக்கு முன்னால மகள் அரிசி எண்டு சொன்னா எந்த அப்பன்ட கையும் இடுப்புக்குப் போகும்."

போனது. வதனி விடிய எழும்பிப் போய்க் கரையில் நிற்பாள். அரிசிக் காசை வாங்கி, கடைக்குப் போய், வீட்டில் கொண்டு வந்து வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் வருவதற்குள் மணி அடித்துவிடும். ரீச்சர் வாசலில் முழங்காலில் வைப்பார். ஏன் பிந்தினாய் என்று கேட்டால் வாய் திறக்கமாட்டாள். வீட்டுக் கதை வீட்டோடு இருக்க வேண்டும் என்பதும் மாமி சொல்லிக் கொடுத்ததுதான். வாங்கில் இருந்த எனக்குக் காரணம் தெரியும். நானும் சொல்லவில்லை. சொல்லாமல் இருக்கப் பழகியது நான் அந்த வீட்டில்தான்.

ஒரு மாரி நாளில் வதனி கஞ்சி வடிக்கும்போது பானை வழுக்கி, கொதிக் கஞ்சி இடது மணிக்கட்டில் ஊற்றிவிட்டது. நான் குசினிக்குள் நின்றேன். அவள் கத்தின கத்தில் மாமி கதிரையை விட்டு எழும்பினார். பாதிதான் எழும்பினார், முழங்கால் நிமிரவில்லை. கையை நீட்டிக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள் வதனி. மாமி மறுபடியும் கதிரையில் இருந்துவிட்டார். இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து அழுத்திக்கொண்டார்.

"முதல்ல என்ன செய்யணும்?" என்று கேட்டார்.

"தண்ணி," என்றாள் வதனி அழுதுகொண்டே.

"ஊத்து. பிறகு?"

"மருந்து."

"மருந்து எங்க இரிக்கு?"

"சீனிப் போத்தலுக்குப் பின்னால."

"எடுத்துப் பூசு. தம்பிக்குக் கஞ்சி பட்டா இதைத்தான் செய்யணும்."

அன்றைக்கு நான் மாமியை வெறுத்தேன். ஓடிப் போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே போய், மாமி வளவு வாசல் கடப்படியில் நின்று வாய்க்கு வந்தபடி ஏசினார். நீயெல்லாம் பெத்தவளா, கல்லுத்தான் உன்ட நெஞ்சு என்றார். மாமி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "நான் இல்லாத நேரம் ஊத்தினா அவள் என்ன செய்வாள்?" என்றார்.

"நீ எங்க போகப்போறாய்?" என்றார் அம்மா.

மாமி கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகுதான் சிரட்டை விளையாட்டு வந்தது. எங்கள் சந்தியில் வெளிநாட்டுக்குப் பேசுகிற ரெலிபோன் கடை ஒன்று இருந்தது. நிமிஷத்துக்கு இவ்வளவு என்று காசு வாங்குவார்கள். மாமி இரண்டு தேங்காய்ச் சிரட்டை எடுத்து, ஒன்றை வதனியின் காதில் வைத்தார். மற்றதைத் தான் எடுத்துக்கொண்டு, முகம் தெரியாமல் வேலிக்கு அந்தப் பக்கம் போய் நின்றார். நான்தான் கடைக்காரன். நிமிஷம் முடிய முடிய நான் கத்த வேண்டும். வேலை செய்யத் தேவையில்லாத விளையாட்டு என்பதால் எனக்கு அது நன்றாகப் பிடித்திருந்தது.

"ஹலோ, மகள், சுகமா?"

"சுகம் அம்மா. தம்பி சுகம். அப்பா சுகம். நாங்க பள்ளிக்குப் போறம்."

"ஒரு நிமிசம் முடிஞ்சி!" இது நான்.

"என்ன வேணும் மனே?"

"ஒண்டும் வேணாம் அம்மா. நீங்க பயப்படாதீங்க. நான் பாத்துக்குவன்."

அழுதால் திரும்பவும் முதலில் இருந்து தொடங்க வேண்டும். அழுகிற நிமிஷத்துக்கும் கடைக்காரன் காசு எடுப்பான் என்பார் மாமி. வதனி மூன்று நாளில் பாடமாக்கிவிட்டாள். தம்பிதான் கெடுத்தான். அவனுடைய முறை வந்தபோது சிரட்டைக்குள் வாயை வைத்து, "அம்மா, எப்ப வருவீங்க?" என்றான். வேலிக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. நான் இரண்டாவது நிமிஷத்தையும் கத்திவிட்டேன். மாமி கொஞ்சம் பொறுத்து வந்தார்.

"அப்பிடிக் கேக்கக் கூடா மனே. அதக் கேட்டா அங்க இரிக்கிற ஆளுக்கு வேலை ஓடா."

"எங்க இரிக்கிற ஆளுக்கு மாமி?" என்று நான் கேட்டேன்.

"ஆராவது," என்றார்.

தைப்பொங்கல் முடிந்த கிழமை மாமி காத்தான்குடிக்குப் போய்ச் சில்லு வைத்த பயணப் பை ஒன்று வாங்கி வந்தார். அதைக் கண்ட பிறகுதான் ஊருக்கு எல்லாம் விளங்கியது. குவைத்துக்கு வீட்டு வேலைக்கு, இரண்டு வருஷம். எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் வந்து இருப்பான். பெண் பிள்ளைக்கென்று ஒரு கல்வீடு எழும்பாமல் யாரும் பேச்செடுத்து வரமாட்டார்கள். மாமாவின் தோணியை நம்பியிருந்தால் வதனிக்கு ஓலைக் குடில்தான் மிஞ்சும்.

விமான நிலையத்துக்குக் கூட்டிப் போக வான் வந்த காலையில் தம்பி நிலத்தில் புரண்டு அழுதான். வதனி அழவில்லை. மாமி ஏறி, யன்னலோரம் இருந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். வான் சந்தி திரும்பியதும் வதனி வீட்டுக்குள் போய் அரிசி களைந்தாள், மூன்று தரம். என் அம்மா அன்று கிணற்றடிக்குப் போகவில்லை. "நான் அவள என்னெல்லாம் ஏசினன்" என்று எங்கள் குசினிக்குள் இருந்து அழுதார்.

இனி நான் சொல்லப் போவதுதான் எனக்கு முள்ளாய்க் குத்திக்கொண்டிருப்பது.

இரண்டு வருஷம் முடிகிற மாதம் ரெலிபோன் கடைக்காரர் ஆள் அனுப்பி வதனியைக் கூப்பிட்டார். மாமி அரை மணித்தியாலத்தில் திரும்ப எடுப்பாராம். வதனி என்னையும் இழுத்துக்கொண்டு ஓடினாள். எங்களுக்குப் பன்னிரண்டு வயது.

"இண்டைக்கு வாங்க எண்டு சொல்லப் போறன் கா," என்றாள். "எனக்கு ஏலா. தம்பிக்குக் காய்ச்சல் வந்தா எனக்குக் கை நடுங்குது. நான் பெரிய புள்ளையாகினா ஆர் தலைக்குத் தண்ணி வாக்கிற? அப்பாவா வாக்கிற? அம்மா இரிக்கணும் கா அதுக்கு."

வழி நெடுக அதையே சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள். கடையில் ரெலிபோன் அடித்தது. எடுத்தாள். அந்தப் பக்கத்துக் குரல் எனக்கும் கேட்டது.

"ஹலோ, மகள், சுகமா?"

வதனி வாயைத் திறந்தாள். "சுகம் அம்மா. தம்பி சுகம். அப்பா சுகம். நாங்க பள்ளிக்குப் போறம்."

அதே வரிசை, அதே சொற்கள், ஒன்றும் பிசகவில்லை. நான் அவளுடைய கையைக் கிள்ளினேன். மாமி அங்கே என்னவோ கேட்டார். வேலைக்கு வைத்திருக்கிறவர்கள் இன்னும் இரண்டு வருஷம் நிற்கச் சொல்கிறார்கள், என்ன செய்ய என்று கேட்டிருக்கிறார். "நீங்க பயப்படாதீங்க அம்மா. நான் பாத்துக்குவன்," என்றாள் வதனி. கண் நிறைந்து நின்றது, குரல் மட்டும் உலர்ந்து கிடந்தது.

பிறகு மாமி என்னிடம் கொடுக்கச் சொன்னார்.

"மனே, நீ எனக்குப் பொய் சொல்லமாட்டாய். வதனி நல்லா இரிக்காளா? வரச் சொன்னா வந்திருவன். வீடு பிறகு பாப்பம்."

எனக்கு முன்னால் வதனி நின்று, வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். வீட்டுக் கதை வீட்டோடு. கடைக்காரர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கும் அந்த விளையாட்டில் ஒரு பாடம் இருந்ததுதானே. "ஓம் மாமி, நல்லா இரிக்காள்," என்றேன்.

ரெலிபோனை வைத்த கையோடு வதனி கடைக்குப் பின்னால் ஓடினாள். அங்கே நின்ற முருங்கை மரத்தைப் பிடித்துக்கொண்டு, வயிற்றில் உள்ளதெல்லாம் வெளியே வருகிற மாதிரி அழுதாள். நான் பக்கத்தில் நின்றேன். ஒருத்தருக்கும் சொல்லாதே என்றாள். நான் சொல்லவில்லை.

இரண்டு வருஷம் நாலாயிற்று, நாலு ஆறாயிற்று. மாமி பதினான்கு வருஷம் குவைத்தில் நின்றார். வதனி பெரிய பிள்ளையானபோது என் அம்மாதான் தண்ணீர் வார்த்தார். மாமி சங்கிலி அனுப்பினார். நடுவில் வந்தது இரண்டு தரம்தான், இரண்டாவது தரம் வதனியின் கல்யாணத்துக்கு. கல்வீடு எழும்பி, நிலத்துக்கு மாபிளும் போட்டாகிவிட்டது. காணி உறுதி வதனியின் பெயரில். கல்யாணம் முடிந்து நாலாம் நாள் மாமி வானில் ஏறினார், மதிலும் கட்ட வேண்டுமாம்.

மாமி முதல் முதல் போன அதே மாதம் எங்கள் கோயில் பக்கத்தில் இருந்து இன்னொரு பெண்ணும் குவைத்துக்குப் போனாள். அவள் பிள்ளைகளுக்கு ஒன்றும் பழக்காமல் போனவள். அந்தப் பிள்ளைகள் போனில் ஊளையிட்டார்கள், சோற்றைத் தீய வைத்தார்கள், ஒருவன் கிணற்றுக்குள் வாளியோடு விழப் பார்த்தான். எட்டாம் மாதம் அவள் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடி வந்துவிட்டாள். ஊர் சிரித்தது. இன்றைக்கும் அவளுக்குக் கல்வீடு இல்லை. அந்தப் பிள்ளைகளுக்குச் சோறாக்கத் தெரியாததால் அவர்களுக்கு அம்மா கிடைத்தாள். கெட்டிக்காரப் பிள்ளைக்கு வீடு கிடைத்தது. இதில் எது சரி என்று யாராவது எனக்குச் சொல்லித் தந்தால் கையெடுத்துக் கும்பிடுவேன்.

நான் இப்போது முன்பள்ளியில் படிப்பிக்கிறேன். எங்களுக்குப் பயிற்சி வைக்கும்போதெல்லாம், பிள்ளைகளுக்கு வீட்டுப் பொறுப்பையும் காசின் அருமையையும் சிறு வயதிலேயே பழக்குங்கள் என்று சொல்கிறார்கள். மற்ற ரீச்சர்மார் எழுதிக்கொள்வார்கள். நான் பேனையைப் பிடித்தபடி நீலக் கதிரையை நினைத்துக்கொண்டிருப்பேன். எனக்கு ஆறு வயதில் ஒரு மகள். கோப்பை கழுவத் தெரியாது. அவளுடைய அப்பா, "தாயைப் போல பிள்ளை" என்று பகிடி பண்ணுவார். ஓம், என் பிழைதான். ஒருநாள் அவளிடம் அரிசிச் சுளகைக் கொடுத்துவிட்டு, மறு நிமிஷமே பறித்துவிட்டேன்.

குவைத்து வீட்டில் மாமி பார்த்துக்கொண்டிருந்த வயதான அம்மா இறந்துபோனதும் பிள்ளைகள் மாமிக்குப் பிளேன் ரிக்கற் போட்டு அனுப்பிவிட்டார்கள். மாமி வந்து இரண்டு வருஷமாகிறது. இப்போது வதனி வீட்டுக் குசினி வாசலில் வெள்ளைக் கதிரை. மாமி அதில் இருக்கிறார், கைகள் மடியில். உள்ளே வதனி அடுப்போடு நிற்கிறாள். முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

"கொண்டா மனே, தேங்காயத் திருவித் தாறன்."

"வேணாம் அம்மா. நீங்க இரிங்க. அங்க ஆக்களுக்குச் செய்தது போதாதா?"

வதனி பாசமாகத்தான் சொல்கிறாள். தாயைத் தாங்கு தாங்கென்று தாங்குகிறாள். மாத்திரை, சுடுதண்ணீர், மெத்தைக்குப் புது விரிப்பு எல்லாம் நேரத்துக்கு நடக்கும். ஆனால் அடுப்பை விடமாட்டாள். ஒருநாள் அவள் கிளினிக் போன நேரம் மாமி சோறு கறி ஆக்கி வைத்துவிட்டார். வந்தவள் இருந்து சாப்பிட்டாள். கை கழுவிய பிறகு தூள் போத்தல்களை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து, முன்பு இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தாள். மாமி கதிரையில் இருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன்.

நான் வதனியை வெளியே கூட்டிக்கொண்டு போய் ஏசினேன். "அந்த மனிசிக்கு ஒரு வேலையாவது குடு கா. செத்துப் போயிருவா இப்பிடியே இருந்து."

"எனக்கு ஏலா கா," என்றாள். "பத்து வயசில என்ட கையில தந்துட்டுப் போன கரண்டி. இப்ப வந்து கேட்டா நான் எப்பிடிக் குடுக்கிற?" அவளுடைய மணிக்கட்டில் கஞ்சி ஊற்றின தழும்பு இன்னும் வெள்ளையாக இருக்கிறது.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை நான் முற்றத்தில் இருந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். மீன் வெட்டுவதில் நான் எவ்வளவு கெட்டிக்காரி என்பது எங்கள் வீட்டுப் பூனைக்குத் தெரியும். மாமி மெல்ல நடந்து வந்து பக்கத்தில் நின்றார்.

"தா," என்றார்.

நான் கத்தியைக் கொடுத்தேன். மாமி குந்தி இருந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை வருஷப் பழக்கத்தில் அந்தக் கைகள் வேலை செய்து நான் நின்று பார்த்ததே இல்லை. செதில் பறந்தது. செவுளுக்குள் விரல் போனது தெரியவில்லை, குடல் வெளியே கிடந்தது. நான் அரை மணித்தியாலம் மாரடிக்கிற வேலை, பத்து நிமிஷத்தில் பாதி முடிந்துவிட்டது. மாமியின் முகத்தில் நான் பார்த்தேயிராத ஒரு தெளிவு வந்திருந்தது.

என் மகள் ஓடி வந்து பக்கத்தில் குந்திக்கொண்டாள். "நானும் செய்யட்டா அம்மம்மா?" என்று ஒரு மீனின் வாலைப் பிடித்தாள்.

மாமி அந்தச் சின்னக் கையைப் பிடித்து மெல்ல விலக்கினார். "வேணாம் மனே. நீ போய் விளையாடு. நான் இரிக்கன்தானே."

அவள் ஓடிப் போனாள். மாமி அவள் போன திசையையே பார்த்துக்கொண்டு, கேட்டார்.

"அண்டைக்கு ரெலிபோன் கடையில நீயும் நிண்டாய்தானே. ரெண்டு வருசம் முடியிற நேரம்."

எனக்கு விளங்கிவிட்டது. ஓம் என்றேன்.

"அவள் அழுதவளா?"

பதினான்கு வருஷமாக நான் வாய்க்குள் வைத்திருந்தது. இன்னும் ஒரு தரம் நல்லா இரிக்காள் என்று சொல்ல என்னால் முடியவில்லை.

"அழுதவள் மாமி. கடைக்குப் பின்னால போய் அழுதவள். உங்கள வாங்க எண்டு சொல்லத்தான் வந்தவள். வாயில வரல்ல. நானாவது சொல்லியிரிக்கணும். நானும் சொல்லல்ல." எனக்கு அழுகை வந்துவிட்டது.

கத்தி நின்றது. மாமி கையில் இருந்த மீனைப் பார்த்தார்.

"நல்லாத்தான் பழக்கியிரிக்கன்," என்றார்.

பிறகு மிச்ச மீனையும் வெட்டினார். மூன்று தண்ணீரில் கழுவி, உப்பும் மஞ்சளும் போட்டுப் பிரட்டி, சட்டியை மூடி என் குசினிக்குள் கொண்டு போய் வைத்தார். கையைக் கழுவிக்கொண்டு வந்தவர் வீட்டுக்குப் போகாமல் முற்றத்திலேயே நின்றார். ஈரக் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாத மாதிரி இருந்தது.

"நாளைக்கும் மீன் வாங்குவியா மனே?" என்று கேட்டார்.

நாளைக்கு வெள்ளிக்கிழமை. எங்கள் வீட்டில் வெள்ளியில் மீன் சட்டி அடுப்பில் ஏறாது. மாமிக்கு அது தெரியும்.

"வாங்குவன் மாமி," என்றேன். "விடியவே வாங்க."